ஒரு காது மட்டும் மந்தம், கூடவே தள்ளாட்டம்: நாலு டாக்டர் நாலு காரணம் சொன்னா என்ன பண்றது?

நீங்க கேட்டதை முதல்ல என் வாயால ஒரு தடவ சொல்லிப் பார்த்துக்கறேன், சரியா புரிஞ்சுதான்னு. ஏழு மாசமா இடது காது மந்தமாயிட்டே வருது, ராத்திரி படுத்தா அதே காதுல இரைச்சல், நடக்கும்போது யாரோ ஒரு பக்கமா தள்ளிவிடற மாதிரி இருக்கு, நடுவுல ரெண்டு தடவ ரூமே சுத்தி வாந்தி எடுத்துப் படுத்துட்டீங்க. முதல் டாக்டர் குறும்பியை எடுத்துவிட்டு அனுப்பிட்டார், ரெண்டாவது ஆள் தலைசுத்தல் மாத்திரை கொடுத்தார், மூணாவது இடத்துல கழுத்து எலும்பு தேய்மானம்னு பட்டை போடச் சொன்னாங்க, நாலாவது ஆள் டென்ஷனைக் குறைங்கன்னு முடிச்சுட்டார். தலைக்கு சிடி எடுத்தாச்சு, நார்மல். இது என்ன நோய், இனி யாரைப் பார்க்கறதுன்னு கேட்டிருக்கீங்க. ஆனா நீங்க எழுதியிருக்கற விதத்தைப் பார்த்தா உள்ளுக்குள்ள ஓடற கேள்வி வேற மாதிரி தெரியுது: ஏதோ பெரிய விஷயத்தை எல்லாரும் கோட்டை விட்டுட்டாங்களோ? அதுக்குத்தான் இந்தப் பதில்.

நான் டாக்டர் இல்ல. ஆடியாலஜிஸ்ட், காது டெஸ்ட் எடுக்கற அந்தச் சின்ன ரூமுக்கு வெளிய ஹெட்ஃபோனும் மிஷினுமா இருபது வருஷத்துக்கு மேல உட்கார்ந்திருக்கேன். நோய்க்குப் பேர் வைக்கறதும் மருந்து எழுதறதும் இஎன்டி டாக்டர் வேலை, அதுலயும் உங்க காதைப் பார்க்காம இன்னதுன்னு சொல்றது தப்பு, அதனால பேர் சொல்ல மாட்டேன். ஆனா உங்களை மாதிரி தடியா ஒரு ஃபைலைத் தூக்கிட்டு வர்றவங்களை நிறைய பார்த்தாச்சு, அந்த ஃபைல்ல என்ன இல்லைங்கறது நீங்க எழுதினதைப் படிச்சதுமே கண்ணுல பட்டுது. நாலு டாக்டர், ஒரு ஸ்கேன், இத்தனை மாத்திரை, ஆனா ஆடியோகிராம்ங்கற வார்த்தை ஒரு இடத்துலயும் வரல. கேட்கலைன்னு போன ஆளுக்கு எவ்வளவு கேட்குதுன்னே யாரும் அளந்து பார்க்கல.

சந்தேகமே இல்லாம சொல்லக்கூடியதை முதல்ல சொல்லிடறேன். கழுத்து எலும்பு தேய்மானத்தால ஒரு காது மட்டும் மந்தமாகாது. ஒரு குறிப்பிட்ட வயசுக்கு மேல யார் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாலும் தேய்மானம் தெரியத்தான் செய்யும், அது இருக்குங்கறதும் அதுதான் காரணம்ங்கறதும் வேற வேற. டென்ஷன் தலைசுத்தலைக் கூட்டும், இரைச்சலைக் கூட்டும், ஆனா ஒரு பக்கக் காதை மட்டும் தேடிப்போய் மந்தமாக்காது. குறும்பி அடைச்சா காது மந்தமாகும், உண்மைதான், ஆனா எடுத்த அன்னைக்கே கேட்க ஆரம்பிச்சிடணும், உங்களுக்குக் கேட்கல, அப்போ அது வழியில கிடந்த கல்லு, அவ்வளவுதான். இன்னொண்ணு, படுக்கையில புரண்டா சில செகண்ட் சுத்துற அந்தச் சாதாரண தலைசுத்தல், உள்காதுல இருக்கற கால்சியம் துகள் இடம் மாறி வர்றது, ரொம்பப் பேருக்கு வரும், தலையைச் சில கோணத்துல திருப்பி சரிபண்ணிடுவாங்க. அதுவும் காது கேட்கறதைக் குறைக்காது. ஆக நீங்க ஒவ்வொரு டாக்டர்கிட்டயும் கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: "ஏன் ஒரு பக்கம் மட்டும்?" அதுக்குப் பதில் சொல்லாத எந்தக் காரணத்தையும் முடிவா எடுத்துக்காதீங்க.

கேட்கறதும் பேலன்ஸும் ஏன் சேர்ந்து கெடுதுன்னு கேட்டா, ரெண்டும் ஒரே வீட்டுல குடியிருக்கறதுங்கதான். காதுக்கு உள்ள, எலும்புக்குள்ள, நத்தை ஓடு மாதிரி ஒரு பாகம் சத்தத்துக்கு, அதை ஒட்டியே மூணு அரைவட்டக் குழாயும் ரெண்டு சின்னப் பையும் பேலன்ஸுக்கு. உள்ள ஓடற திரவம் ஒண்ணு, ரத்தம் கொண்டுவர்ற குழாய் ஒண்ணு, அங்கிருந்து மூளைக்குப் போற நரம்பும் கிட்டத்தட்ட 1 சென்டிமீட்டர் நீளமே இருக்கற ஒரு எலும்புச் சந்து வழியாத்தான் சேர்ந்து போகும், முகத்தை அசைக்கற நரம்பும் அதே சந்துலதான். அதனால ஒரே பக்கத்துல கேட்கறதும் போய் பேலன்ஸும் போனா கோளாறு ஒண்ணு அந்த வீட்டுக்குள்ள, இல்ல அந்தச் சந்துல, எப்பவாவது அதுக்கு அந்தப் பக்கம் மூளைத்தண்டு கிட்ட. தேட வேண்டிய இடம் இவ்வளவு சின்னது, ஆனா பாருங்க உங்களைக் கழுத்து வரைக்கும் கூட்டிட்டுப் போய்ட்டு வந்துட்டாங்க.

இனி நீங்க எழுதாம விட்டது. அந்த ரெண்டு பெரிய தலைசுத்தலும் எவ்வளவு நேரம் இருந்துச்சு? "ரொம்ப நேரம்"னு எல்லாரும் சொல்வாங்க, அது போதாது. சில செகண்டா, அரை மணி நேரமா, பாதி நாளா, மூணு நாளான்னு தெரிஞ்சாலே பாதி வழி வந்த மாதிரி. 20 நிமிஷத்துலேருந்து 12 மணி நேரம் வரைக்கும் சுத்தி, அதே சமயத்துல அந்தக் காது அடைச்சு, இரைச்சல் கூடி, கேட்கறது குறைஞ்சு, அப்புறம் ஓரளவு தெளிஞ்சா டாக்டருக்கு மெனியர் நோய் ஞாபகம் வரும். ஒரே ஒரு தடவ ஆளைப் போட்டு அடிச்ச மாதிரி சில நாள் சுத்தி, அன்னையிலேருந்து காதும் போயிடுச்சுன்னா உள்காது அழற்சி மாதிரி போகும். பெரிய சுத்தலே இல்லாம கேட்கறது மெதுமெதுவா குறைஞ்சு, இருட்டுல நடந்தாலோ கண்ணை மூடி முகத்துக்கு சோப்பு போட்டாலோ தள்ளாடுதுன்னா நரம்புச் சந்தைப் பார்த்தே ஆகணும். பெரிய சத்தம் கேட்டாலோ மூச்சைப் பிடிச்சு முக்கினாலோ சுத்துது, தன் குரலே காதுக்குள்ள முழங்குது, சிலர் கண்ணு திரும்பற சத்தமே கேட்குதும்பாங்க, அது மேல்பக்க அரைவட்டக் குழாய் மேல இருக்கற எலும்பு விலகியிருக்கற கேஸ், 1998லதான் அதுக்கே ஒரு பேர் வெச்சாங்க, அதுக்கு முன்னாடி இப்படிச் சொன்னவங்களை மனநல டாக்டர்கிட்ட அனுப்பியிருப்பாங்கன்னு நான் அடிக்கடி நினைச்சுக்குவேன். ஒற்றைத் தலைவலிக்காரங்களுக்கு வர்ற தலைசுத்தல் தனி, வெளிச்சமும் சத்தமும் ஆகாது, தலைவலி இல்லாமலும் வரும், ஆனா அதுல ஒரு காது நிரந்தரமா மந்தமாகறது வழக்கம் இல்ல. சிக்கல் என்னன்னா மெனியரும் இதுவும் ஒரே ஆளுக்கு வரும், அப்போ பெரிய டாக்டர்களே ஒரு வருஷம் பார்த்துத்தான் பிரிச்சுச் சொல்றாங்க.

மெனியர் விஷயத்துல ஒரு கதை. 1861 வரைக்கும் இப்படிச் சுத்தி விழுந்தவங்களை மூளைக்கு ரத்தம் ஏறிடுச்சுன்னுதான் வைத்தியம் பார்த்தாங்க. பாரிஸ்ல காது கேளாதோர் நிறுவனத்துல டாக்டரா இருந்த ப்ரோஸ்பர் மெனியர்தான் இது மூளை இல்லய்யா, உள்காதுன்னு சொன்னார். நூத்தைம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அதை ஒரு டெஸ்ட்ல கண்டுபிடிச்சுட முடியாது. 2015ல சர்வதேச அளவுல ஒத்துக்கிட்ட வரையறையே என்னன்னா, நான் மேல சொன்ன அளவுல ரெண்டு தடவையாவது வரணும், அந்தக் காதுல கீழ்ஸ்தாயி சத்தம் குறைஞ்சிருக்கறது ஆடியோகிராம்ல ஒரு தடவையாவது பதிவாகியிருக்கணும், காது அடைப்போ இரைச்சலோ ஏறி இறங்கணும், வேற காரணமும் இருக்கக்கூடாது. அந்தக் கடைசி வரிதான் முக்கியம். வேற காரணம் இல்லைன்னு பார்க்காமயே "உனக்கு மெனியர்"னு எழுதிக் கொடுத்தா அது பாதி வேலைதான்.

சரி, என் ரூமுக்கு வருவோம். ஆடியோகிராம்னா 250 ஹெர்ட்ஸ்லேருந்து 8000 வரைக்கும் ஒவ்வொரு சத்தத்தையும் எவ்வளவு மெல்லிசா வெச்சாலும் கேட்குதுன்னு பார்த்துப் போடற கோடு. வலது காது சிவப்பு வட்டம், இடது காது நீலத்துல பெருக்கல் குறி. மேலயே இருந்தா நல்லது, கீழ இறங்க இறங்க மோசம். ஹெட்ஃபோன்ல ஒரு தடவ, காதுக்குப் பின்னாடி எலும்புல ஒரு சின்னப் பொருளை வெச்சு ஒரு தடவ எடுப்பாங்க. எலும்பு வழியா நல்லா கேட்டு காத்து வழியா கேட்கலைன்னா கோளாறு வெளிக்காது நடுக்காதுல, அதாவது குறும்பி, சீழ், எலும்பு இறுகறது இந்த மாதிரி. ரெண்டும் சேர்ந்து இறங்கியிருந்தா உள்காதோ நரம்போ. வீட்டுலயே தோராயமா பார்க்கணும்னா வாயை மூடிக்கிட்டு "ம்ம்ம்"னு முனகிப் பாருங்க, சத்தம் மந்தமான காதுப் பக்கம் சாய்ஞ்சா நடுக்காதுக் கோளாறா இருக்கலாம், நல்ல காதுப் பக்கம் சாய்ஞ்சா உள்காது பக்கம். இது வெறும் குறிப்புதான், இதை வெச்சு டெஸ்ட்டைத் தள்ளிப் போட்டுடாதீங்க.

இதுல ஒரு ஓட்டை இருக்கு, வெளிய யாரும் சொல்ல மாட்டாங்க. ஒரு காது மோசமா இருக்கும்போது அதுல சத்தத்தைக் கூட்டிட்டே போனா, 40 டெசிபல் வித்தியாசம் வந்தாலே, மண்டை எலும்பு வழியா அது நல்ல காதுக்குப் போயிடும், எலும்பு டெஸ்ட்ல கிட்டத்தட்ட எடுத்த எடுப்புலயே போயிடும். ஆள் "கேட்குது"ன்னு பட்டனை அமுக்குவார், பொய் சொல்லல பாவம், கேட்டது அந்தப் பக்கத்துக் காது. அதனால நல்ல காதுல "ஷ்ஷ்ஷ்"னு ஒரு சத்தத்தைப் போட்டு அதை பிஸியா வெச்சுட்டுத்தான் கெட்ட காதை அளக்கணும், மாஸ்கிங்ம்போம். வேலைக்கு வந்த புதுசுல நானே ஒருத்தருக்கு அவசரத்துல இதைச் சரியா பண்ணல, சுத்தமா கேட்காத காதை பாதி கேட்குதுன்னு கோடு போட்டு அனுப்பிட்டேன், சீனியர் பார்த்துட்டு அவரைத் திரும்பக் கூப்பிட்டார், அன்னைக்கு வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்கு. நீங்க டெஸ்ட்டுக்குப் போனா அந்த ஷ்ஷ் சத்தம் வந்துச்சான்னு கவனிங்க. வரலைன்னா, ரெண்டு காதுக்கும் நல்ல வித்தியாசமும் இருந்தா, ரிப்போர்ட்டை முழுசா நம்பாதீங்க.

அப்புறம் வார்த்தை டெஸ்ட். வெறும் பீப் கேட்குதான்னு பார்த்தா போதாது, நல்லா கேட்கற அளவுக்குச் சத்தம் வெச்சு வார்த்தைகளைச் சொல்லி, நூத்துக்கு எத்தனை சரியா திருப்பிச் சொல்றீங்கன்னு பார்க்கணும். எனக்கு மறக்காத ஒரு கேஸ், ஒரு அம்மா, பீப் டெஸ்ட்ல இடது காது கொஞ்சம்தான் இறங்கியிருந்துச்சு, வயசுக்குச் சரின்னு விட்டிருக்கலாம். ஆனா அவங்க வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "போனை இந்தக் காதுல வெச்சா சத்தம் வருதுப்பா, பேச்சு வரல." வார்த்தை டெஸ்ட் போட்டா முப்பதைத் தாண்டல. கோட்டுக்கும் வார்த்தைக்கும் இப்படிப் பொருந்தாம இருந்தா கோளாறு உள்காதுல இல்ல, நரம்புல இருக்கலாம்னு அர்த்தம். டாக்டர்கிட்ட எழுதி அனுப்பினேன், ஸ்கேன்ல நரம்புல சின்னக் கட்டி. நாலு வருஷம் வருஷாவருஷம் ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டே இருந்தாங்க, வளரல, அவங்க பாட்டுக்கு அவங்க வேலையைப் பார்த்துட்டு இருந்தாங்க.

கட்டின்னு சொன்னதும் இப்போ உங்களுக்கு வயித்தைக் கலக்கும், தெரியும். அதனால நிதானமா படிங்க. பேலன்ஸ் நரம்பைச் சுத்தியிருக்கற உறையில வளர்ற இந்தக் கட்டி புற்றுநோய் இல்ல, வேற இடத்துக்குப் பரவாது, பெரும்பாலும் ரொம்ப மெதுவா வளரும், வருஷத்துக்கு 1, 2 மில்லிமீட்டர்னு, பல பேருக்கு வளரவே வளராது. வர்றதே அபூர்வம். ஒரு பக்கம் மந்தம்னு எம்ஆர்ஐ எடுக்கறவங்கள்ல நூத்துக்குச் சில பேருக்குத்தான் அது இருக்கும், மத்தவங்களுக்கு ஸ்கேன் சுத்தமாத்தான் வரும். அப்புறம் ஏன் எடுக்கணும்னா, இருந்தா சின்னதா இருக்கும்போதே தெரியணும், சும்மா பார்த்துட்டு இருக்கறதா, கதிர்வீச்சா, ஆபரேஷனான்னு யோசிச்சு முடிவு பண்ண நேரம் கிடைக்கும். இது மெதுவா வளர்றதால மூளை அதுக்கேத்த மாதிரி பழகிக்கும், அதனால ரூமே சுத்தற பெரிய தலைசுத்தல் இதுல குறைவு, தள்ளாட்டம்தான் அதிகம். உங்களுக்கு ரெண்டும் இருக்கு, அதனாலதான் கதையை மட்டும் வெச்சு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு சொல்ல முடியல.

சிடி நார்மல்னு நிம்மதியா இருக்காதீங்க, அது வேற கேள்விக்கான பதில். ரத்தக்கசிவு, பெரிய கட்டி, எலும்பு, இதுக்கெல்லாம் சிடி நல்லது. அந்த 1 சென்டிமீட்டர் சந்துக்குள்ள இருக்கற சின்னக் கட்டி சாதாரண சிடில தெரியாது. வேண்டியது எம்ஆர்ஐ, அதுலயும் சும்மா மூளை எம்ஆர்ஐன்னு எடுத்தா ஸ்லைஸ் தடியா இருக்கும், ரெண்டு மூணு மில்லிமீட்டர் கட்டி நடுவுல நழுவிடும், அதனால உள்காதுக் கால்வாய்க்குன்னு மெல்லிசா எடுக்கச் சொல்லி டாக்டர் சீட்டுலயே எழுதணும். சாய மருந்து போடணுமா வேண்டாமாங்கறது அங்க இருக்கறவங்க முடிவு, மெல்லிய ஸ்லைஸா எடுத்தா பல நேரம் சாயம் இல்லாமலே போதும், கிட்னி பிரச்சினை இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க. பெரா டெஸ்ட் (சத்தத்துக்குக் காது நரம்பு எப்படிப் பதில் தருதுன்னு தலையில ஒயர் ஒட்டிப் பார்க்கறது) போதுமேன்னு சிலர் சொல்வாங்க, அது 1 சென்டிமீட்டருக்குக் கீழ இருக்கறதைத் தவற விடும், எம்ஆர்ஐக்குள்ள போக முடியாதவங்களுக்கு மாத்து வழியா வேணா வெச்சுக்கலாம். எப்போ எம்ஆர்ஐ கட்டாயம்ங்கறதுக்கு ஊருக்கு ஒரு கணக்கு இருக்கு, பொதுவா ஆடியோகிராம்ல பக்கத்துப் பக்கத்து ரெண்டு ஹெர்ட்ஸ் அளவுல ரெண்டு காதுக்கும் 15, 20 டெசிபல் வித்தியாசம் இருந்தா கேட்பாங்க, ஒரு பக்க இரைச்சலும் தள்ளாட்டமும் கூட இருந்தா இன்னும் சீக்கிரம்.

பேலன்ஸ் டெஸ்ட்டுகள் பத்தி ரொம்ப இழுக்கல. கண்ணாடி மாட்டி கண்ணு ஆடறதை வீடியோ எடுக்கறது, தலையை வெடுக்குனு திருப்பி கண்ணு நிலைக்குதான்னு பார்க்கறது, காதுல 30 டிகிரியும் 44 டிகிரியும் தண்ணி விட்டு (காத்துன்னா அளவு வேற) எந்தப் பக்கம் சோர்ந்திருக்குன்னு பார்க்கறது. இந்தக் கடைசி டெஸ்ட்டுக்கு வழி போட்ட உள்காது பேலன்ஸ் ஆராய்ச்சிக்காகத்தான் ராபர்ட் பாரானிங்கற காது டாக்டருக்கு 1914ம் வருஷத்து நோபல் பரிசு, சேதி வந்தப்போ மனுஷன் ரஷ்யாவுல போர்க்கைதியா இருந்தார். டெஸ்ட்டுல கொஞ்ச நேரம் சுத்தும், பயப்படாதீங்க, கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. முக்கியமா, தலைசுத்தல் மாத்திரை சாப்பிட்டுட்டே போனா டெஸ்ட் தப்பா வரும், எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்னு டாக்டரைக் கேட்டு நிறுத்துங்க, நீங்களா நிறுத்த வேண்டாம்.

மாத்திரைன்னு வந்ததால ஒண்ணு சொல்லணும். சுத்தலை அமுக்கற மாத்திரைகள் பெரிய அட்டாக் வர்ற அன்னைக்கும் அடுத்த ஓரிரு நாளைக்கும்தான். மாசக்கணக்குல போட்டா, போன பேலன்ஸை ஈடுகட்ட மூளை கத்துக்கறதை அதுவே தடுத்துடும், தள்ளாட்டம் நீண்டுட்டே போகும். பீட்டாஹிஸ்டின் வேற வகை, அதை நிறைய பேர் வருஷக்கணக்குல சாப்பிடறாங்க. அதுல சந்தேகம் இருக்கு: மெனியர்காரங்க 221 பேரை வெச்சு 2016ல வெளியான ஒரு ஆய்வுல 9 மாசம் பார்த்ததுல அந்த மாத்திரை குடுத்தவங்களுக்கும் சும்மா மாத்திரை குடுத்தவங்களுக்கும் அட்டாக் ஒரே மாதிரி குறைஞ்சுது. அதாவது தானா குறையற காலத்துல மாத்திரைக்குப் பேர் கிடைச்சிருக்கலாம். உப்பைக் குறைக்கறதும் அப்படித்தான், பல டாக்டர்கள் சொல்வாங்க, உறுதியான ஆதாரம் கம்மி, ஆனா கெடுதல் ஒண்ணும் இல்ல, நான் மறுத்துப் பேச மாட்டேன். தள்ளாட்டத்துக்கு உண்மையிலயே வேலை செய்யறது தலையையும் கண்ணையும் பழக்கற பேலன்ஸ் பயிற்சிதான், ஆனா அட்டாக் திரும்பத் திரும்ப வந்துட்டு இருக்கற காலத்துல அது அவ்வளவா உதவாது, அதுக்கும் நோய் எதுன்னு தெரியணும்.

இப்போ சொல்லப் போறதுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. நல்லா இருக்கற காதோ, ஏற்கெனவே மந்தமான காதோ, மூணு நாளுக்குள்ள திடீர்னு இன்னும் இறங்கிடுச்சுன்னா அன்னைக்கே போங்க. ஸ்டீராய்டு ரெண்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் வாய்ப்பு அதிகம், நாள் ஆக ஆக குறையும். "சளி அடைச்சிருக்கும், ஒரு மாசம் பார்ப்போம்"னு இருந்து வந்தவங்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும். உங்களுக்கு ஏழு மாசம் ஆச்சு, மெதுவா இறங்கினதுன்னு எழுதியிருக்கீங்க, போனதுக்கு அந்தக் கணக்கு இப்போ பொருந்தாது, மறைச்சுச் சொல்லி என்ன ஆகப் போகுது. இன்னொண்ணு, சுத்தலோட முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ரெண்டா தெரிஞ்சாலோ, கை கால் விளங்கலைன்னாலோ, எழுந்து நிக்கவே முடியலைன்னாலோ அது பக்கவாதமா இருக்கலாம், இஎன்டியைத் தேடாம நேரா எமர்ஜென்சிக்குப் போகணும். உள்காதுக்கு ரத்தம் தர்ற குழாய் மூளைத்தண்டுக்குப் போற கிளையிலேருந்துதான் வருது, அதனால சில பேருக்குத் திடீர்னு காது அடைச்சதே முதல் அறிகுறியா இருந்திருக்கு.

யாரைப் பார்க்கறதுன்னா, இஎன்டியைத்தான், முடிஞ்சா காது கேஸே அதிகம் பார்க்கறவரை, ஆடியாலஜிஸ்ட் கூடவே இருக்கற இடமா பாருங்க. நியூராலஜிஸ்ட் அப்புறம், தேவைப்பட்டா அவரே அனுப்புவார். போகும்போது ஒரு தாள்ல எழுதிட்டுப் போங்க: எந்தத் தேதி, எத்தனை நேரம், அப்போ காது எப்படி இருந்துச்சு, முன்னாடி தலைவலி உண்டா, தலையில அடி, காதுல சீழ், சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி, நரம்பு வழியா ஏத்தின பெரிய ஆன்டிபயாடிக் எதாவது. அடுத்த தடவ சுத்தினா வீட்டுல இருக்கறவங்களை போன்ல உங்க கண்ணை மட்டும் அரை நிமிஷம் வீடியோ எடுக்கச் சொல்லுங்க, கண்ணு எந்தப் பக்கம் துடிக்குதுங்கறது பத்து கேள்வியை மிச்சப்படுத்தும், நல்ல டாக்டர் அதை ஆசையா வாங்கிப் பார்ப்பார். அதுவரைக்கும் ஏணி ஏறாதீங்க, தனியா நீச்சலுக்குப் போகாதீங்க, முன்னறிவிப்பு இல்லாம சுத்துதுன்னா வண்டி ஓட்டாதீங்க.

இந்த வாரமே ஆடியோகிராம் எடுத்துடுங்க, காது அடைச்ச மாதிரி இருக்கற ஒரு நாள்லயும் லேசா இருக்கற ஒரு நாள்லயும் ரெண்டு தடவ எடுக்க முடிஞ்சா இன்னும் நல்லது, ஏறி இறங்குதாங்கறது அதுலதான் தெரியும். ரிப்போர்ட் வந்ததும் இடது காதுல 250, 500ல எவ்வளவு, 4000, 8000ல எவ்வளவு, வார்த்தை டெஸ்ட்ல நூத்துக்கு எவ்வளவுன்னு மட்டும் எழுதுங்க. கீழ்ஸ்தாயி இறங்கியிருக்கா மேல்ஸ்தாயி இறங்கியிருக்கா, டாக்டர்கிட்ட எதை அழுத்திக் கேட்கணும்னு அப்போ இதைவிடத் தெளிவா சொல்ல முடியும்.